ஏரோட்டர் முதல் பஸ் காசு வரை: பல் மருத்துவப் படிப்பின் கைச்செலவுகள்

மகளுக்கு பி.டி.எஸ். இடம் கிடைத்திருக்கிறது. கருவிகளை எல்லாம் முதல் வருடமே மொத்தமாக வாங்கிவிடலாமா? (ஒரு தந்தை, தருமபுரி)

வேண்டாம். முதல் வருடத்தில் முக்கியமான கைவேலை மெழுகுக் கட்டியில் பல் செதுக்குவதுதான். மெழுகு, அதைச் செதுக்கும் லெக்ரான் கார்வர், ஒரு கத்தி, ஸ்கேல் இருந்தால் போதும். இரண்டாம் வருடத்தில்தான் பை கனக்கும்: பிளாஸ்டிக் பற்கள் பொருத்திய பயிற்சித் தாடையான டைபோடான்ட், காற்றழுத்தத்தில் சுழன்று பல்லைக் குடையும் ஏரோட்டர், பல் செட் கட்டும் சாமான்கள்.

சீனியர்களிடம் பல் செட் கட்டப் பயன்படும் ஆர்டிகுலேட்டர் (தாடை அசைவைக் காட்டும் கருவி), ஃபிளாஸ்க் (வார்ப்புப் பெட்டி), ரப்பர் கிண்ணம் எல்லாம் தாராளமாக வாங்கலாம். ஏரோட்டர் மட்டும் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். பேரிங் தேய்ந்திருந்தால் பர் (அதில் மாட்டும் குடையும் முனை) ஆடும், குழியின் சுவர் பிசிறாக வரும். பாவம், பிள்ளை தன் கைதான் நடுங்குகிறது என்று நினைத்துக்கொள்ளும். பர், பல்லின் வேர்க்குழியைச் சுரண்டும் ரூட் கெனால் ஃபைல் இரண்டும் புதிதாகத்தான் இருக்க வேண்டும். முறுக்கு பிரிந்த ஃபைல் பல்லுக்குள்ளேயே உடையும்.

எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கு இப்படிக் கருவிச் செலவு இல்லையே?

வார்டில் ஒரு கட்டிலைச் சுற்றிப் பத்து மாணவர்கள் நின்று கற்கலாம். எங்களுக்குப் பத்து மாணவர்கள் என்றால் பத்து நாற்காலி, ஒவ்வொன்றுக்கும் காற்று, தண்ணீர், சக்‌ஷன் வேண்டும். போதாததற்கு, குடைந்த பல் திரும்ப வளராது. தப்பையெல்லாம் முன்கூட்டியே பொம்மைத் தலையில் செய்து முடித்துவிட வேண்டும். பல் மருத்துவர் ஆஸ்வால்ட் ஃபெர்கஸ் 1894-லேயே உலோகத் தாடை மாட்டிய ஃபேன்டம் தலையைக் கொண்டுவந்தது இதற்காகத்தான்.

பிடுங்கிய பற்களைக் கொண்டுவரச் சொல்கிறார்கள். இலவசம்தான், ஆனால் பாதுகாப்பா? (இரண்டாமாண்டு மாணவி)

பயிற்சிக்கு அதைவிட நல்லது கிடையாது. பிளாஸ்டிக் பல்லில் பர் சோப்புக்குள் போவதுபோல் ஒரே சீராக இறங்கும். நிஜப் பல்லில் வெளி ஓடான எனாமல் எதிர்க்கும். அதற்கு உள்ளே இருக்கும் டென்டினைத் தொட்டதும் சட்டென்று இளகும். அந்த இளக்கத்தை விரல் ஒருமுறை அறிந்துவிட்டால் பிறகு மறக்காது.

ஆனால் பேப்பரில் மடித்துப் பையில் போட்டு வராதீர்கள். காய்ந்த பல் விரிசல் விடும், கிருமிப் பயம் வேறு. கையுறை போட்டுத் தேய்த்துக் கழுவி, ஈரத்திலேயே மூடி வைத்து, ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமி நீக்குவது) செய்யுங்கள். வெள்ளி அடைத்த பல்லை மட்டும் ஆட்டோகிளேவில் வைக்கக் கூடாது. சூட்டில் அந்த அடைப்பில் கலந்திருக்கும் பாதரசம் ஆவியாகக் கிளம்பும். அதை 10 சதவீத ஃபார்மலினில் இரண்டு வாரம் ஊறவிடுங்கள். கிளிப் போடுவதற்காக எடுக்கும் முன்கடைவாய்ப் பற்கள் பெரும்பாலும் சொத்தை இல்லாமல் இருக்கும். கிளிப் போடும் ஆர்த்தோ பிரிவில் சொல்லி வையுங்கள். பல்லுக்குச் சொந்தக்காரரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கம்ப்யூட்டர் சிமுலேட்டர் வந்தால் செலவு குறையுமா?

ஆம்ஸ்டர்டாம் பல் மருத்துவப் பள்ளியின் பங்களிப்போடு உருவான சிமோடான்ட் போன்ற கருவிகளில் ஒரே பல்லை நூறு தடவை குடையலாம், பர் தேயாது. நல்ல சாமான்தான். ஆனால் நூறு பேர் படிக்கும் வகுப்புக்கு ஒன்றே ஒன்று வாங்கினால்? ஆளுக்குப் பத்து நிமிடம் கொடுத்தாலும் ஒரு சுற்று முடிய 16 மணி 40 நிமிடம் ஆகும். அது திறப்பு விழா போட்டோவுக்கு உதவும். அந்தப் பணத்தில் பக்கத்தில் நின்று "மணிக்கட்டை இறக்கு" என்று சொல்ல இன்னும் இரண்டு ஆசிரியர்களை வைக்கலாம் என்பேன்.

கோட்டா (இத்தனை நோயாளிகளுக்குச் செய்து முடிக்க வேண்டும் என்ற கணக்கு) முடிக்க, நோயாளிகளின் பஸ் காசை நாங்களே கொடுக்கிறோம். இது நியாயமா? (இறுதியாண்டு மாணவர்)

நியாயம் இல்லை, ஆனால் புதிதும் இல்லை. எங்கள் விடுதிச் சமையல்காரருக்கு நான் முழுப் பல் செட் கட்டினேன். இரண்டு தடவை அச்சு, அப்புறம் தாடை அளவு, மெழுகில் வைத்துப் பார்ப்பது, கடைசியில் மாட்டுவது என ஐந்து வருகை. மெழுகில் பார்த்தபோது "கடி சரியில்லை, திரும்ப எடு" என்றார் ஆசிரியர். ஐந்து ஆறானது. சமையல்காரர் விட்ட அரைநாள் கூலியும் டீயும் என் கணக்கில்தான்.

எத்தனை முறை, எவ்வளவு என்று ஒரு நோட்டில் குறித்து, நாலைந்து பேராகச் சேர்ந்து துறைத் தலைவரிடம் எழுதிக் கொடுங்கள். தனியாகப் போனால் 'எல்லாரும் செய்கிறார்கள்' என்று அனுப்பிவிடுவார்கள்.