தென் இங்கிலாந்துக் கிராமப்புறத்தில் தனியாக, கூடாரத்தோடு சைக்கிள் பயணம் போக முடியுமா?

தாராளமாக முடியும். தனியாகப் போவது பாதுகாப்பா, இரவில் எங்கே தங்குவது, ஒரு வாரத்தில் எவ்வளவு தூரம் போகலாம் என்று மூன்றையும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். மூன்றாவது கேள்வியை முதலில் ஒதுக்கிவைத்துவிடுங்கள். இந்த நாட்டில் பயணத்தைக் கிலோமீட்டர் கணக்கில் திட்டமிட்டால் நிம்மதி போய்விடும். இன்றிரவு எந்த வயலில் படுப்பது, அதற்கு முன் எந்தக் கடை திறந்திருக்கும் என்ற இரண்டையும் முடிவு செய்யுங்கள். தூரம் தானாக அமையும். சுமையோடு நாளொன்றுக்கு 40, 50 கிலோமீட்டர் ஓட்டினாலே உடம்புக்குப் போதுமானது.

நான் தெற்கு லண்டனில் வசிப்பவன். கோடையில் வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் சைக்கிளில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்லும் வழி வின்செஸ்டரிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை, மேற்கிலிருந்து கிழக்காக. இங்கே காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசும். எதிர்த்திசையில் ஓட்டினால் நாள் முழுவதும் அதனோடு மல்லுக்கட்ட வேண்டும்.

இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே சவுத் டவுன்ஸ் என்ற வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை மேடு நீண்டு கிடக்கிறது. 2010இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பகுதி. மேட்டின் உச்சியோடு 160 கிலோமீட்டருக்கு சவுத் டவுன்ஸ் வே என்ற பாதை போகிறது. ஏறக்குறைய முழுவதும் சைக்கிளுக்கு அனுமதி உண்டு. உயரத்தைக் கேட்டால் நம் ஊர்க்காரர்களுக்குச் சிரிப்பு வரும்: எந்த இடமும் 300 மீட்டரைத் தொடுவதில்லை. ஆனால் ஆரன், ஏடர், ஊஸ், குக்மியர் என்று நான்கு ஆறுகள் இந்த மேட்டைக் குறுக்கே அறுத்துக்கொண்டு கடலுக்குப் போகின்றன. ஒவ்வோர் ஆற்றுக்கும் அடிமட்டம் வரை இறங்கி மறுபடி ஏற வேண்டும். எல்லா ஏற்றங்களையும் கூட்டினால் கிட்டத்தட்ட 4,000 மீட்டர் வரும். சிரிப்பு இரண்டாம் நாளே நின்றுவிடும்.

எனவே சுமை வண்டியோடு முழுப் பாதையையும் உச்சியிலேயே ஓட்டச் சொல்ல மாட்டேன். வடக்கு அடிவாரத்தில் சின்னச் சின்னச் சாலைகள் ஓடுகின்றன; அவற்றில் போய்க்கொண்டே, வானம் தெளிந்த நாளாகப் பார்த்து மேலே ஏறுங்கள். இதற்கு மண்ணிலேயே காரணம் இருக்கிறது. மழைநீர் சுண்ணாம்புப் பாறைக்குள் ஊறி இறங்குகிறது. அடியிலுள்ள களிமண்ணைத் தாண்ட முடியாமல் மலையடியில் ஊற்றாக வெளியேறுகிறது. அந்த ஊற்றுகளைப் பிடித்துக்கொண்டுதான் ஊர்கள் அமைந்தன: சவுத் ஹார்ட்டிங், காக்கிங், ஃபுல்கிங், டிட்ச்லிங். ஃபுல்கிங்கில் பப் என்னும் மது விடுதியை ஒட்டி அந்த நீர் சாலையோரமாக ஓடுவதை இன்றும் பார்க்கலாம். ஆக, தண்ணீர், ரொட்டி, கூடாரத்துக்கு இடம் எல்லாம் கீழே. மேலே காற்றும் ஆடுகளும் வானம்பாடிகளும்தான்.

மழை பெய்த மறுநாள் மேலே போகவே போகாதீர்கள். ஈரமான சுண்ணாம்பு வழுக்கும் என்பது ஒருபுறம். அது வெள்ளைக் குழம்பாகி டயருக்கும் மட்கார்டுக்கும் இடையில் போய் அடைத்துக்கொள்ளும், சக்கரம் சுற்றாது. ஒரு குச்சியை ஒடித்து நோண்டி எடுத்தால், பத்தடி போவதற்குள் மறுபடி அடைக்கும். குழம்புக்குள் உடைந்த சிக்கிமுக்கிக் கற்கள் வேறு, ஓரம் கத்தியாக இருக்கும். 35 மில்லிமீட்டருக்குக் குறையாத டயரும் இரண்டு மாற்று ட்யூப்களும் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

பாதைச் சட்டம் ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். பலகையில் 'ஃபுட்பாத்' என்றிருந்தால் அது நடப்பவர்களுக்கு மட்டும். 'பிரைடில்வே' என்றிருந்தால் குதிரைப் பாதை; 1968ஆம் ஆண்டுச் சட்டம் அதில் சைக்கிளுக்கும் உரிமை தந்தது, ஆனால் நடப்பவருக்கும் குதிரைக்கும் வழிவிட வேண்டும். ஆர்ட்னன்ஸ் சர்வே நிறுவனத்தின் 1:25,000 அளவு வரைபடத்தில் இரண்டும் பச்சைக் கோடுகள்தான். குட்டைக் கோடுகள் நடைபாதை, நீண்ட கோடுகள் குதிரைப் பாதை. கைப்பேசியில் வழிகாட்டும் செயலிகள் சில நேரம் இந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை.

இனி இரவு. ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி திறந்தவெளியில் கூடாரம் போடலாம். அதைப் படித்துவிட்டு இங்கிலாந்தும் அப்படித்தான் என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே நில உரிமையாளர் சம்மதிக்காமல் கூடாரம் போடும் உரிமை கிடையாது. விதிவிலக்கு தென்மேற்கு இங்கிலாந்திலுள்ள டார்ட்மூரின் பொதுநிலங்கள். அதுவும் வழக்குக்குப் போய், 2025 மே மாதம்தான் உச்ச நீதிமன்றம் அந்த உரிமையை உறுதிசெய்தது. சிலர் இருட்டியபின் காட்டோரம் கூடாரம் போட்டு, விடிவதற்குள் சுருட்டிக்கொண்டு போகிறார்கள். என் கருத்தில் அது தேவையற்ற வேலை. ஜூன் மாதத்தில் ஒன்பதரை மணி வரை வெளிச்சம் இருக்கும். ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடும். ஒளிந்து படுப்பவருக்கு மிஞ்சுவது அரைத் தூக்கம்தான்.

பண்ணை முகாம்களுக்குப் போங்கள். 2023இல் வந்த விதித் தளர்வின்படி, விவசாயிகள் கட்டுமானத் திட்ட அனுமதிக்கு விண்ணப்பிக்காமலே ஆண்டுக்கு 60 நாள் வரை, 50 இடங்கள் வரை கூடாரத்துக்கு விடலாம். அதனால் கோடையில் எதிர்பாராத இடங்களிலெல்லாம் முகாம்கள் முளைக்கின்றன. சைக்கிளில் தனியாக வருபவருக்கு 10 முதல் 20 பவுண்டு வரை கேட்பார்கள். விடுமுறைக் காலமானாலும் முன்கூட்டித் தொலைபேசியில் கேட்டால் ஒற்றை ஆளுக்கு ஒரு மூலையாவது ஒதுக்கிவிடுவார்கள். ஒரு பண்ணையில், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்ட மூதாட்டி என் கூடாரத்தின் அளவைக் கேட்டுவிட்டு, "கீழே போடாதீர்கள், பனி முழுக்க அங்கேதான் இறங்கும், அந்த உயிர்வேலிக்குப் பக்கமாகப் போடுங்கள், காலை வெயில் முதலில் அங்கே விழும்" என்றார். அன்று முதல் எங்கே போனாலும் கிழக்கு வெயில் படும் மேட்டைத்தான் தேடுகிறேன். கோடையிலும் கூடாரத் துணி விடியற்காலையில் உள்ளும் புறமும் நனைந்திருக்கும். வெயில் பட்டால் காப்பி குடித்து முடிப்பதற்குள் காய்ந்துவிடும். படாவிட்டால் ஈரத்தின் எடையையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். செருப்பை வெளியே விடாதீர்கள். ஓடில்லா நத்தைகள் இரவில் அதற்குள் குடியேறிவிடும். வெறுங்காலால் ஒன்றை மிதித்துப் பார்த்தால் புரியும்.

சாப்பாட்டில் கவனம் தேவை. கிராமப் பப்புகளில் சமையலறை பல இடங்களில் மதியம் இரண்டரைக்கு மூடிவிட்டு ஆறு மணிக்குத்தான் திறக்கும். ஞாயிற்றுக்கிழமை பெரிய கடைகள் சட்டப்படி ஆறு மணி நேரம்தான் திறந்திருக்கலாம். நான்கு, ஐந்து மணிக்குள் கதவை இழுத்துவிடுவார்கள். நான் புளிக்காய்ச்சலை ஒரு சின்னக் குப்பியில் எடுத்துப் போவேன். கோதுமை ரவை போன்ற கூஸ்கூஸில் கொதிநீரை ஊற்றி ஐந்து நிமிடம் மூடிவைத்து, புளிக்காய்ச்சலைப் பிசைந்து, மேலே வேர்க்கடலையைத் தூவினால் ராச்சாப்பாடு முடிந்தது. அரிசிக்கு ஆகும் எரிவாயுவில் கால்வாசி கூட ஆகாது. தாளித்த வாசனைக்குப் பக்கத்துக் கூடாரத்திலிருந்து யாராவது எட்டிப் பார்ப்பதும் உண்டு.

பாதுகாப்பைப் பற்றி. நான் அஞ்சுவது இரண்டுக்குத்தான்: கார்களும் கன்று போட்ட பசுக்களும். உயிர்வேலிகளுக்கு நடுவே ஒரு கார் மட்டுமே போகக்கூடிய சந்துச் சாலைகளிலும் சட்டப்படி மணிக்கு 60 மைல் வேகம் போகலாம் என்பது அதிர்ச்சியான உண்மை. நல்லவேளையாகப் பெரும்பாலோர் அப்படி ஓட்டுவதில்லை. நம் ஊரைப் போலவே இடதுபுறம்தான். வளைவுகளில் ஓரத்தை ஒட்டாமல் சற்று உள்ளே தள்ளி ஓட்டினால் எதிரே வருபவர் முன்னதாகவே உங்களைப் பார்ப்பார். ஏ27, ஏ272 ஆகிய சாலைகளை வரைபடத்தில் பார்த்ததுமே விலகிவிடுங்கள். பசுக்கள் குதிரைப் பாதையில் கன்றுகளோடு நின்றால் இறங்கி, எட்ட வளைந்து நடந்து போங்கள்; தாய்க்கும் கன்றுக்கும் நடுவில் புகவே கூடாது.

மனிதர்களைப் பொறுத்தவரை, மாநிறத்தவன் ஒருவன் கிராமப் பப்புக்குள் நுழையும்போது தலைகள் திரும்புவது உண்மை. சைக்கிளில் வந்தவன் என்று தெரிந்ததும் பேச்சு காற்றுக்கும் ஏற்றத்துக்கும் தாவிவிடும். நான் ஆண், பெண்களின் அனுபவத்தை அவர்கள் சொல்லித்தான் கேட்க வேண்டும். ஆனால் குடும்பங்கள் தங்கும் பண்ணை முகாம்களில் தனியாகக் கூடாரம் போடும் பெண்களை அடிக்கடி பார்க்கிறேன்.

பிரைட்டனுக்கு வடக்கே வரும்போது ஓர் இடத்தில் கட்டாயம் நின்றுவிட்டுப் போங்கள். பேட்சம் என்ற ஊருக்கு மேலே, புல்வெளி நடுவில் வெள்ளைப் பளிங்கில் ஒரு சத்ரி, அதாவது குவிமாடம் கொண்ட நினைவு மண்டபம் இருக்கிறது. முதல் உலகப் போரில் காயமடைந்து பிரைட்டன் மருத்துவமனைகளில் இறந்த 53 இந்து, சீக்கிய வீரர்களை அங்கேதான் தகனம் செய்தார்கள். நினைவிடம் 1921இல் திறக்கப்பட்டது. சாலையிலிருந்து தள்ளி இருப்பதால் பலரும் தெரியாமலே கடந்துவிடுகிறார்கள்.

திரும்புவதற்கு ஈஸ்ட்போர்னிலிருந்து லண்டன் விக்டோரியாவுக்கு ரயில் இருக்கிறது. ஒன்றரை மணி நேரம். வார நாட்களில் காலை, மாலை நெரிசல் நேரத்தில் மடக்க முடியாத சைக்கிளை ஏற்ற விடமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அடிக்கடி தண்டவாளப் பராமரிப்பு நடக்கும். அப்போது ரயிலுக்குப் பதிலாக விடும் பஸ்களில் பொதுவாக சைக்கிளுக்கு இடம் கிடையாது. எனவே கடைசி நாள் சனிக்கிழமையாக இருக்கும்படி கணக்குப் போட்டுக் கிளம்புங்கள்.