சிமுலேட்டரில் 118.70, நாம் செய்த பலகையில் ஏன் 118.69?

விமான சிமுலேட்டருடன் சொந்தமாகச் செய்த ரேடியோ பலகையை இணைக்கும் பலரும் கேட்கும் கேள்வி இது. 118.70 என்பது மெகாஹெர்ட்ஸில் சொல்லும் ரேடியோ அலைவரிசை. இதற்குக் காரணம் தசமத் துல்லியம்; அது, ஓர் எண்ணின் எத்தனை இலக்கங்களைக் கணினி பிசகாமல் நினைவில் வைக்கிறது என்பதே.

கணினி எண்களை இரண்டின் அடுக்குகளாகச் சேமிக்கிறது. 118.7 அதில் முழுமையாக அடங்காது. 32 பிட் (0 அல்லது 1 நிற்கும் 32 இடங்கள்) தசம எண்ணாக வைத்தால் கிடைப்பது ஏறத்தாழ 118.699997. பலகையின் நிரல் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கத்தை மட்டும் வைத்து மீதியை வெட்டி எறிந்தால், திரையில் 118.69 தெரியும். ஒரு மீட்டர் கயிற்றை மூன்றாகப் பங்கிட்டு, ஒவ்வொன்றையும் 33.33 செ.மீ. என்று எழுதிக் கூட்டிப் பாருங்கள்: 99.99தான் வரும். கயிறு குறையவில்லை, எழுதிய விதம்தான் குறை.

ஆகவே வெட்டாதீர்கள், மிக அருகிலுள்ள இரண்டு இலக்க மதிப்புக்கு முழுமையாக்குங்கள். அதைவிட நல்ல வழி, அலைவரிசையைக் கிலோஹெர்ட்ஸில் 118700 என்று முழு எண்ணாகவே அனுப்புவது. நான் எப்போதும் இதையே பரிந்துரைப்பேன். அலைவரிசையை மாற்றத் திருகும் குமிழுக்கும் இதுவே பொருந்தும்: 0.025 மெகாஹெர்ட்ஸ் என்று கூட்டிக்கொண்டே போனால் சிறு பிழைகள் சேரும். 25 கிலோஹெர்ட்ஸ் என்று கூட்டினால் பிழைக்கே இடமில்லை. இரண்டு தசம எண்களை ஒப்பிடும்போது அச்சு அசலாகச் சமமா என்று பார்க்காமல், வித்தியாசம் மிகச் சிறியதா என்று பாருங்கள்.

64 பிட்டுக்கு மாறினால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். பிழை மிகவும் சுருங்கும், ஆனால் அங்கும் 0.1 சரியாக அடங்குவதில்லை.