180 கிலோமீட்டர் என்றார்கள், சத்திரப்பட்டியிலேயே நின்றுவிட்டது

கேள்வி: பழனியில் இருக்கிறேன், மருந்து கம்பெனி ரெப். வாரத்தில் நான்கு நாள் திண்டுக்கல் போய்வர வேண்டும், மொத்தம் 120 கிலோமீட்டர். ஏழு மாதத்துக்கு முன் 1,75,000 ரூபாய்க்கு லோனில் எலக்ட்ரிக் பைக் எடுத்தேன். விளம்பர நோட்டீஸில் ‘180 கி.மீ. ரேஞ்ச், 4 மணி நேரத்தில் ஃபுல் சார்ஜ்’ என்று தமிழில் பெரிதாகப் போட்டிருந்தார்கள். ஷோரூம்காரரும் “திண்டுக்கல் போய்ட்டு வந்தாலும் மிச்சம் இருக்கும் சார்” என்று வாட்ஸ்அப்பில் எழுதினார். எனக்குக் கிடைப்பது 105, 110 தான். ஒருநாள் திரும்பி வரும்போது சத்திரப்பட்டியில் வண்டி நின்றுவிட்டது. டீக்கடையில் கெஞ்சி இரண்டு மணி நேரம் சார்ஜ் போட்டு வீடு வந்தேன். சார்ஜ் ஏற ஆறரை மணி நேரம் ஆகிறது. கேட்டால் “180 என்பது ஐ.டி.சி. கணக்கு, நோட்டீஸிலேயே போட்டிருக்கே” என்கிறார்கள். பார்த்தால் ஸ்டார் போட்டு, அடியில் ஆங்கிலத்தில் பொடி எழுத்து. பணத்தைத் திரும்ப வாங்க முடியுமா?

பதில்: முழுப் பணமும் திரும்ப வருவது கடினம். நஷ்டஈட்டுக்கு உங்கள் கையில் நல்ல கேஸ் இருக்கிறது. ஆனால் நீங்கள் முன்னால் வைத்திருக்கும் ரேஞ்ச் புகாரைவிட, கடைசியில் ஒரு வரியில் சொல்லி முடித்த சார்ஜிங் புகார்தான் பலமானது.

ரேஞ்சை முதலில் பார்ப்போம். ஐ.டி.சி. என்பது இந்தியன் டிரைவிங் சைக்கிள் என்ற ஆய்வகச் சோதனை. வண்டியை உருளை மேல் நிறுத்தி, 108 விநாடி கொண்ட ஒரே ஓட்ட முறையைத் திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். உச்ச வேகம் மணிக்கு 42 கிலோமீட்டர், சராசரி 22-ஐத் தொடாது. எதிர்காற்று கிடையாது, ஒட்டன்சத்திரம் ரோட்டில் லாரியை ஓவர்டேக் செய்யும் வேலையும் கிடையாது. அந்தச் சோதனையில் 180 வந்தது உண்மையாகவே இருக்கலாம். நீங்கள் 65-ல் போகிறீர்கள் என்றால் 110 வருவதில் ஆச்சரியமில்லை. ஆகவே ‘180 வரவில்லை’ என்று மட்டும் எழுதிக்கொண்டு நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால், எதிர்த்தரப்பு வக்கீல் சான்றிதழை நீட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவார்.

நீங்கள் பிடிக்க வேண்டியது அந்தப் பொடி எழுத்தை. தவறான விளம்பரங்களைத் தடுக்க 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டு நெறிகள் கொண்டுவந்தது. விளம்பரத்தில் சொன்னது எந்த மொழியோ, அதற்கான பொறுப்புத் துறப்பும் (டிஸ்கிளெய்மர்) அதே மொழியில், அதே எழுத்துருவில் இருக்க வேண்டும். முக்கியமான தகவலை மறைக்கவோ, சொன்னதற்கு முரணாகப் பேசவோ அதைப் பயன்படுத்தக் கூடாது. தமிழில் 180 என்று அடித்துவிட்டு ‘இது ஆய்வகக் கணக்கு’ என்பதை ஆங்கிலத்தில் ஒளித்து வைத்தது இதற்கு நேர் எதிரானது. அந்த நோட்டீஸைப் பத்திரப்படுத்துங்கள். லேமினேட் செய்யாதீர்கள், வழக்குப் போடும் மாவட்ட ஆணையத்தில் அசலைக் கேட்பார்கள்.

வாட்ஸ்அப் செய்தி இன்னும் முக்கியம். ஐ.டி.சி. வாதம் அங்கே செல்லாது. ஆய்வகத்தைப் பற்றி அவர் பேசவே இல்லை. திண்டுக்கல் ரோட்டைச் சொல்லித்தான் வாக்குக் கொடுத்தார்.

இனி சார்ஜிங். ரேஞ்ச் குறைந்தால் ஆக்ஸிலேட்டர் பிடிக்கும் உங்கள் வலது கையைக் குறை சொல்ல அவர்களுக்கு வழியுண்டு. சார்ஜ் ஏறும் நேரத்தில் உங்கள் கைக்கு என்ன வேலை? சார்ஜரைத் திருப்பி அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். நீங்கள் அனுப்பிய போட்டோவில் அவுட்புட் 67.2 வோல்ட், 10 ஆம்பியர் என்றிருக்கிறது. பெருக்கினால் 672 வாட். பேட்டரி 4 யூனிட், அதாவது 4,000 வாட் மணி. வகுத்துப் பாருங்கள், ஏறக்குறைய ஆறு மணி நேரம். கடைசி 15, 20 சதவீதம் ஏறும்போது மின்னோட்டத்தைக் குறைப்பார்கள் என்பதால் ஆறரை. ‘4 மணி என்றது 80 சதவீதத்துக்கு’ என்று மழுப்பினாலும் கணக்கு ஒத்துவராது. அதற்கே நாலே முக்கால் மணி நேரம் வேண்டும். அவர்கள் கொடுத்த சார்ஜரால் அவர்கள் சொன்ன நேரம் முடியவே முடியாது என்பதை அவர்கள் ஒட்டிய லேபிளே சொல்கிறது. இதற்கு நிபுணர் கூடத் தேவையில்லை.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(47)-ஐ உங்கள் மனுவில் கட்டாயம் எழுதுங்கள். பொருளின் செயல்திறன் பற்றி முறையான சோதனை இல்லாமல் உத்தரவாதம் தருவது முறையற்ற வணிகம். ‘சோதனை செய்தோம்’ என்று அவர்கள் சொன்னால், நிரூபிக்கும் சுமை அவர்கள் தலையில். ஆகவே புனே ஏ.ஆர்.ஏ.ஐ., ஒரகடம் ஜி.ஏ.ஆர்.சி. போன்ற எந்த வாகனச் சோதனை நிலையத்தில் சோதித்தார்கள், எந்த மோடில், எந்த சார்ஜரோடு என்று வழக்குக்கு முன் நீங்கள் அனுப்பும் சட்ட நோட்டீஸிலேயே கேளுங்கள்.

முன்னுதாரணம் கேட்பீர்கள். 2022-ல் திருச்சூர் மாவட்ட ஆணையம் ஒரு டீசல் கார் வழக்கில் தீர்ப்பளித்தது. விளம்பரத்தில் லிட்டருக்கு 32 கிலோமீட்டர். ஆணையம் நியமித்த நிபுணர் ஓட்டிப் பார்த்ததில் 19.6. செலவுத் தொகையோடு 3,10,000 ரூபாய் தரச் சொன்னார்கள். திண்டுக்கல் ஆணையத்தை அது கட்டுப்படுத்தாது, ஆனாலும் வாதத்துக்கு உதவும்.

நிபுணர் வரும்வரை காத்திருக்காமல் நீங்களே மூன்று நாள் சோதனை செய்யுங்கள். ஃபுல் சார்ஜ் காட்டும் டிஸ்ப்ளே, ஓடோமீட்டர், மோடு மூன்றும் ஒரே வீடியோவில் வர வேண்டும். டயரில் காற்றுச் சரியாக இருக்கட்டும். ஈகோ மோடிலேயே ஓட்டுங்கள். ஒன்று மறக்காதீர்கள்: நீங்கள் எப்படி ஓட்டினீர்கள் என்ற பதிவு கம்பெனி சர்வரில் இருக்கும். தினமும் ஸ்போர்ட்ஸ் மோடில் பறந்துவிட்டு மனுவில் ‘ஈகோ’ என்று எழுதினால், அந்தப் பதிவை முதலில் எடுத்து நீட்டப்போவது அவர்கள்தான்.

பேட்டரியே பழுதாக இருக்கலாம். சர்வீஸில் பேட்டரி ஹெல்த் ரிப்போர்ட் எழுத்தில் கேளுங்கள். செல் குறைபாடு என்று தெரிந்தால் விஷயம் விளம்பரத்தோடு நிற்காது, வாரண்டியில் பேட்டரி மாற்றும் கேஸாகிவிடும்.

வழக்கு திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம். கம்பெனி எந்த மாநிலத்தில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் இடத்தில் தாக்கல் செய்ய பிரிவு 34 அனுமதிக்கிறது. தயாரிப்பாளர் முதல் எதிர்மனுதாரர், ஷோரூம் இரண்டாவது. ஐந்து லட்சம் வரை கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. (என் தொழிலுக்கு நானே வேட்டு வைக்கிறேன், பரவாயில்லை.) இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், உங்களுக்கு நேரம் இருக்கிறது. ஆய்வகப் பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்கச் சட்டம் சொல்கிறது, நடைமுறையில் நீளும். வழக்குக்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதியுங்கள். சில கம்பெனிகள் அந்தக் கட்டத்திலேயே பெரிய சார்ஜரை மாற்றிக் கொடுத்துவிடுகின்றன. மாற்றிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், ‘முழுத் திருப்தி’ என்று மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.

கோபத்தில் லோன் தவணையை நிறுத்த வேண்டாம்; பேங்குக்கும் உங்கள் சண்டைக்கும் சம்பந்தமில்லை, சிபில் ஸ்கோர் கெட்டுப்போகும். வெளியில் வேகமான சார்ஜர் வாங்கி மாட்டவும் வேண்டாம். வாரண்டி போகும், தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு.

அடுத்த முறை ஷோரூமில் “சாஃப்ட்வேர் அப்டேட் போட்டா சரியாயிடும், விட்டுட்டுப் போங்க” என்பார்கள். ஜாப் கார்டில் ‘ரேஞ்ச் குறைவு, சார்ஜ் தாமதம்’ என்று அவர்கள் கையால் எழுதி வாங்காமல் சாவியைக் கொடுக்காதீர்கள்.