சிவப்பணு பாக்டீரியாவுக்குச் சொந்தமா?

கேள்வி: உட்கரு இல்லாதது (பாக்டீரியா போன்றது) புரோகேரியோட்டிக் செல், இருப்பது யூகேரியோட்டிக் செல் என்று படித்தேன். நம் ரத்தச் சிவப்பணுவிலும் உட்கரு கிடையாதே! அதையும் பாக்டீரியா கட்சியில் சேர்த்துவிடலாமா?

பதில்: சேர்க்க முடியாது. ஆனால் கேள்வியை ரசித்தேன். வரையறையை நெட்டுருப் போட்டவர்களுக்கு இது தோன்றாது.

சிவப்பணு உருவாகும்போது உட்கருவோடுதான் இருக்கிறது. எலும்பு மஜ்ஜையில் முதிரும்போது அதை வெளியே தள்ளிவிடுகிறது, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்டிரியாவும் போய்விடுகிறது. அந்த இடமெல்லாம் ஆக்சிஜன் சுமக்கும் ஹீமோகுளோபினுக்கு. அதன்பின் அதனால் பிளவுபட முடியாது, சுமார் 120 நாளில் ஆயுள் முடியும். பறவை, தவளையின் சிவப்பணுக்களில் உட்கரு பத்திரமாக இருக்கிறது.

பாக்டீரியா எதையும் தள்ளிவிடவில்லை. ஈ. கோலை என்ற பாக்டீரியாவின் டி.என்.ஏ.வை நீட்டினால் ஒன்றரை மில்லிமீட்டர் தாண்டும். அது சுமார் 2 மைக்ரோமீட்டர் நீளமுள்ள செல்லுக்குள் சுருண்டு கிடக்கிறது. அந்த டி.என்.ஏ.வைச் சுற்றிச் சவ்வு இல்லை. அதனால் ஒரு சௌகரியம்: டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ. நகல் எடுத்து முடிவதற்குள்ளேயே ரைபோசோம் அதில் ஏறி உட்கார்ந்து புரதம் செய்யத் தொடங்கிவிடும். நம் செல்லிலோ நகலை உட்கருவுக்குள் வெட்டி ஒட்டிச் சீராக்கி, சவ்வின் துளை வழியே வெளியே அனுப்பிய பிறகுதான் அந்த வேலை ஆரம்பம். என்னைக் கேட்டால், உட்கரு உண்டா இல்லையா என்பதைவிட இந்த வேலைமுறைதான் பெரிய வித்தியாசம்.

அப்புறம் ரைபோசோம். பாக்டீரியாவில் 70எஸ், நம் சைட்டோபிளாசத்தில் (செல்லுக்குள் உட்கருவுக்கு வெளியே உள்ள பகுதி) 80எஸ். (பாக்டீரியாவின் 50எஸ், 30எஸ் துணை அலகுகளைக் கூட்டினால் 80 வருகிறதே என்று அடுத்த கடிதம் எழுதாதீர்கள். எஸ் என்பது எடையல்ல. மையவிலக்கியில் படியும் வேகத்தின் அளவு. கூட்டினால் சரிவராது.) ஸ்ட்ரெப்டோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மருந்து அந்த 30எஸ் அலகைப் பிடித்துத்தான் பாக்டீரியாவை முடக்குகிறது. நம் 80எஸ் பெரும்பாலும் தப்பிக்கிறது. ஆனால் நம் மைட்டோகாண்டிரியாவின் ரைபோசோம் பாக்டீரியாவினுடையதைப் போன்றது. இந்த மருந்து சிலருக்குச் செவித்திறனைப் பாதிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த ஒற்றுமை தற்செயலல்ல. மைட்டோகாண்டிரியாவே ஒரு காலத்தில் இன்னொரு செல்லுக்குள் குடியேறிய பாக்டீரியாதான் என்று 1967-இல் அமெரிக்க உயிரியலாளர் லின் மார்குலிஸ் வாதிட்டார். இன்று அது ஏற்கப்பட்ட கருத்து.

கேள்வி: வெறும் கண்ணுக்குத் தெரியும் பாக்டீரியா உண்டா?

பதில்: உண்டு. கரீபியன் தீவான குவாதலூப்பின் அலையாத்திக் காட்டில் கிடைத்த தியோமார்கரிட்டா மேக்னிஃபிகா. 2022-இல் விவரம் வெளியானது. ஒரே செல், சுமார் ஒரு சென்டிமீட்டர் நீளம்! டி.என்.ஏ.வைக்கூடச் சவ்வுப் பைகளில் போட்டு வைத்திருக்கிறது. ஆனால் ரைபோசோமும் அதே பைக்குள் இருக்கிறது, அதனால் அதை உட்கரு என்று சொல்ல மாட்டேன்.