கால் குணமாகும் வரை

ஆலோசகர் அம்மாவுக்கு வணக்கம்.

நான் தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் ஃபீனிக்ஸில் இருக்கிறேன். கோயில் தமிழ்ப் பள்ளியில் படித்த தமிழ்தான் என்னுடையது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ரொம்ப நாளாக மனசு சரியில்லை, அதனால் எழுதுகிறேன்.

என் அம்மாவுக்கு வயது 84. சாட்ஸ்வர்த்தில் தனியாக இருந்தார். நிறவெறிக் காலத்தில் டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து நம் இந்திய ஆட்களையெல்லாம் அப்புறப்படுத்தினார்களே, அப்போது கிடைத்த வீடு அது. அப்பா இறந்த பிறகும் அதை விட்டு வரமாட்டேன் என்றார். சென்ற ஆண்டு குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனது. இனிமேல் தனியாக இருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் வீட்டுக்குக் கூட்டிவர வழியில்லை. என் கணவருக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். படுக்கையறைகள் எல்லாம் மாடியில். நானும் வேலைக்குப் போகிறேன். அதனால் ஒரு முதியோர் இல்லத்தில், தானாக எதுவும் செய்ய முடியாதவர்களைக் கவனிக்கும் ஃப்ரெயில் கேர் பிரிவில் சேர்த்தோம்.

எனக்கு ஒரே தம்பி, பெர்த்தில் இருக்கிறான். போன் செய்தால் புத்தி சொல்லுவான். டாக்டரை மாற்று, பிசியோவைக் கேள், அறையை மாற்று. இங்கே வந்து ஒரு வாரம் பார்த்தால் தெரியும். அவன் மனைவி, "ஆஸ்திரேலியாவில் இதெல்லாம் சகஜம் அண்ணி" என்கிறாள். அவளுக்குச் சகஜம். எனக்கு இல்லை.

மாரியம்மன் கோயில் கூழ் பூஜைக்குப் போனால், வயதில் மூத்த ஒரு அக்கா எல்லார் முன்னாலும், "அம்மாவை ஹோமில் கொண்டுபோய் விட்டுட்டியாமே" என்றார். அந்தக் கோயிலில் எத்தனையோ வருஷம் கூழ் காய்ச்சியது என் அம்மாதான். அன்றிலிருந்து நான் அங்கே போகவில்லை.

இல்லத்திலும் நிம்மதி இல்லை. சலவைக்குப் போட்ட அம்மாவின் சால்வை திரும்பவே இல்லை. புரட்டாசி மாசம் முழுக்க அம்மா விரதம், எங்கள் வீட்டில் மாமிசம் நுழையாது. இங்கே இறைச்சிக் குழம்பில் போட்ட கரண்டியையே காய்கறியிலும் போடுகிறார்கள். பருப்புக்குழம்பும் சோறும் கொடுங்கள், அது போதும் என்று மேட்ரனிடம் சண்டை போட்டேன். பக்கத்துக் கட்டில்காரர் நாள் முழுக்க ரேடியோ வைக்கிறார். அம்மா எதைப் பற்றியும் ஒரு வார்த்தை குறை சொல்வதில்லை. எல்லாம் நான்தான் பேச வேண்டியிருக்கிறது.

அம்மாவின் புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது. காலையும் மாலையும் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நடக்கிறார். பார்த்துக்கொள்ளும் ஜூலுப் பெண்கள் "கோகோ (அவர்கள் மொழியில் பாட்டி), போதும், உட்காருங்கள்" என்றாலும் கேட்பதில்லை. இந்த வயதில் இவ்வளவு பாடுபடுகிறவரைப் பார்த்ததில்லை என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னார். ஆனால் அங்கே யாரோடும் சேரமாட்டார். துணிகளை அலமாரியில் அடுக்கித் தருகிறேன் என்றால், வேண்டாம், பையிலேயே இருக்கட்டும் என்கிறார். இந்தப் பிடிவாதத்துக்கு நான் என்ன செய்வது?

பணமும் என் தலையில்தான். சாட்ஸ்வர்த் வீட்டில் மார்ச் மாதத்திலிருந்து ஒரு குடும்பம் குடியிருக்கிறது, அந்த வாடகை இல்லத்துக்குப் போகிறது. அம்மாவுக்கு அது தெரியாது, கால் குணமாகும் வரைதான் இங்கே என்று சொல்லி வைத்திருக்கிறோம், அது வேறு விஷயம். வாடகை போதாமல் விழுகிற துண்டை நான் போடுகிறேன். தம்பி ஒரு ராண்ட் தரவில்லை.

நான் போகும்போதெல்லாம் அம்மா முதலில் என் கணவரைப் பற்றித்தான் விசாரிப்பார். ஆரம்பத்தில் "எப்போம்மா வீட்டுக்குப் போகலாம்?" என்று கேட்பார். இப்போது அவரே, "வர்ற மாசம் பாத்துக்கலாம், நீ அலையாதே" என்கிறார். வெளியே வந்து காரில் உட்கார்ந்து அழுதுவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறேன்.

நான் மோசமான மகளா? தம்பியை எப்படிப் பொறுப்பேற்க வைப்பது? இல்லத்தை மாற்றிவிடலாமா? ஊர் வாயை எப்படி மூடுவது?

பெயர் வேண்டாம், ஃபீனிக்ஸ்

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை முதல் தடவை படித்தபோது தம்பி மேல் எனக்கும் கோபம் வந்தது. இரண்டாம் தடவை படிக்கும்போது "அது வேறு விஷயம்" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். நீங்கள் கேட்ட நான்கு கேள்விகளையும் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன். அந்த ஒரு வரியைப் பற்றிப் பேசுவோம்.

அதற்கு முன் ஒன்று. அம்மாவை இல்லத்தில் சேர்த்தது சரியான முடிவு. கணவருக்கு டயாலிசிஸ், மாடியில் படுக்கையறை, இடுப்பில் ஆபரேஷன் ஆன 84 வயது அம்மா, இடையில் நீங்கள் ஒருத்தி. இதில் நீங்கள் வேறென்ன செய்திருக்க முடியும்? கோயிலில் கேட்ட அந்த அக்கா ஒரு ராத்திரி வந்து உங்கள் அம்மாவைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போயிருந்தால் அவர் பேச்சைக் காதில் வாங்கலாம். இந்த விஷயத்தில் உங்கள்மேல் குற்றம் இல்லை, அதனால் இதைப் பற்றி இனி எழுதப் போவதும் இல்லை.

ஆனால் காரில் உட்கார்ந்து அழுகிறீர்களே, அது வேறு எதற்கோ. ஒவ்வொரு தடவையும் அம்மாவின் முகத்தைப் பார்த்து உண்மையில்லாத ஒன்றைச் சொல்லிவிட்டு வெளியே வருகிறீர்கள்.

உங்கள் அம்மா ஏன் அப்படி நடக்கிறார் என்று நினைக்கிறீர்கள்? கால் குணமானால் வீடு என்று நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். அதை அவர் நம்பி, தன் பங்கைச் செய்கிறார். ஏன் துணி பையிலேயே இருக்கிறது? ஏன் யாரோடும் பழகவில்லை? பஸ் நிறுத்தத்தில் நிற்கிறவர் அங்கே கோலம் போடமாட்டார். நீங்கள் பிடிவாதம் என்று எழுதியிருப்பது உங்கள் வார்த்தையின் மேல் அவர் வைத்த நம்பிக்கை. இடுப்பு முறிந்த பிறகு இந்த வயதில் பலருக்குப் பழைய நடை திரும்புவதில்லை. அப்படித் திரும்பாமல் போனால், தான் போதுமான அளவு முயலவில்லை என்று அவர் தன்னையே நொந்துகொள்வார். இது நியாயமா, யோசித்துப் பாருங்கள்.

அவர் குறையே சொல்வதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சீக்கிரம் கிளம்பப் போகிறவர் சாப்பாட்டைப் பற்றி எதற்குச் சண்டை போட வேண்டும்? இதுதான் தன் இடம் என்று தெரிந்தால்தானே, ஜன்னலோரக் கட்டில் வேண்டும், சாமி படம் வைக்க இடம் வேண்டும், ரேடியோவைக் குறைக்கச் சொல்லுங்கள் என்று கேட்பார். அவர் போட வேண்டிய சண்டையை நீங்கள் மேட்ரனிடம் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். ஊருக்கே கூழ் காய்ச்சிப் பந்தி நடத்திய பெண்மணி அவர். தன் தட்டில் என்ன விழ வேண்டும் என்று அவருக்குச் சொல்லத் தெரியும்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் கசக்கும். தம்பி ஒரு ராண்ட் தரவில்லை என்கிறீர்கள், அது அவருடைய தவறுதான். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், கட்டணத்தில் பெரும்பகுதியைக் கட்டுவது உங்கள் அம்மா, தன் வீட்டு வாடகையால். அது அவருக்கே தெரியாது. மகளுக்குப் பாரமாக இருக்கிறோம் என்று அவர் குறுகிப்போயிருந்தால் ஆச்சரியமில்லை. தன் செலவைத் தானே பார்த்துக்கொள்கிறார் என்று தெரிந்தால் எவ்வளவு நிமிர்ந்து உட்காருவார்! அந்தப் பெருமையை நீங்களும் தம்பியும் சேர்ந்துதான் மறைத்து வைத்திருக்கிறீர்கள்.

அது எந்த வீடு என்பதையும் நினைத்துப் பாருங்கள். எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று நிறவெறி அரசாங்கம் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டம் 1950இல் வந்தது. கேட்டோ மேனரை வெள்ளையர் பகுதி என்று 1958இல் அறிவித்தார்கள். அதன்பின் தோட்டமும் வீடும் கோயிலுமாக இருந்த குடும்பங்களைக் கிளப்பி, 1960களில் சாட்ஸ்வர்த்தின் வரிசை வீடுகளில் குடியேற்றினார்கள். உங்கள் அம்மாவுக்கு அப்போது இருபதுகளில் வயது இருந்திருக்கும். எங்கே இருக்க விரும்புகிறாய் என்று அவரை யாரும் கேட்கவில்லை. கொடுத்த இடத்தைத் தன் இடமாக ஆக்க அவருக்கு ஒரு ஆயுள் ஆகியிருக்கிறது. இரண்டாவது தடவையும் அவரைக் கேட்காமலே இடம் மாற்றியிருக்கிறோம், இந்த முறை பெற்ற பிள்ளைகள். உங்களை அந்த அரசாங்கத்தோடு சேர்த்துப் பேசவில்லை. நீங்கள் செய்தது அன்பால், பயத்தால். ஆனால் விஷயம் தெரிய வரும் நாளில் அந்தப் பழைய காயமும் சேர்ந்தே வலிக்கும். அது வாடகைக்கு இருப்பவர் வாயிலிருந்தோ, கோயிலில் கேட்டவர் வாயிலிருந்தோ தெரியவே கூடாது. உங்கள் வாயிலிருந்து தெரிய வேண்டும்.

நம் நாட்டுச் சட்டமும் இதைத்தான் கேட்கிறது. 2006இல் இயற்றி 2010 முதல் நடைமுறையில் இருக்கும் முதியோர் சட்டத்தின்படி, புத்தி தெளிவாக இருக்கும் ஒருவரை அவருடைய சம்மதமில்லாமல் இல்லத்தில் சேர்க்கக் கூடாது. கால் ஆறும் வரை என்று சொல்லி வாங்கிய சம்மதம் அதற்கு மட்டும்தான். இல்லத்தில் தன் பொருட்களை வைத்துக்கொள்ளவும், தன் மத வழக்கங்களில் கலந்துகொள்ளவும் அதே சட்டம் உரிமை தருகிறது. அங்கே இருப்பவர்களின் குழு என்று ஒன்றும் உண்டு. நாளைக்கு உங்கள் அம்மாவே அதில் உட்கார்ந்து சாப்பாட்டைப் பற்றிப் பேசலாம்.

இன்னொன்றைக் கவனித்தீர்களா? "எப்போ போகலாம்" என்று கேட்டவர், இப்போது "வர்ற மாசம் பாத்துக்கலாம்" என்று தானே சொல்கிறார். நீங்கள் சொல்ல வேண்டிய பொய்யை அவர் உங்களுக்காகச் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. அவருக்குப் பாதி புரிந்திருக்கலாம். நீங்கள் உடைந்துவிடுவீர்கள் என்று பயந்து கேட்காமல் இருக்கலாம். அப்படியானால் அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் காப்பாற்றுவதாக நினைத்து, ஆளுக்கொரு பக்கம் தனியாகத் தவிக்கிறீர்கள்.

எப்படிச் சொல்வது? போனில் வேண்டாம். தம்பியை வீடியோவில் வைத்துக்கொண்டும் வேண்டாம். அவசரம் இல்லாத ஒரு காலையில் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். உங்கள் நல்லதுக்குத்தான் என்று ஆரம்பிக்காதீர்கள், அந்த வார்த்தையை அவர் வாழ்நாள் முழுக்கப் பலரிடம் கேட்டிருப்பார். "அம்மா, கால் விஷயத்தில் உங்களிடம் உண்மையைச் சொல்லவில்லை" என்று தொடங்குங்கள். வீட்டில் ஆள் இருப்பதைச் சொல்லுங்கள். வாடகை எவ்வளவு, எங்கே போகிறது என்பதையும் சொல்லுங்கள். கோபப்படுவார், சில நாள் பேசாமலும் இருப்பார். அந்தக் கோபத்துக்கு அவருக்கு உரிமை உண்டு. எதிர்த்து வாதாடாமல் மறுநாளும் போங்கள்.

"நான் வீட்டுக்கே போகிறேன்" என்று சொன்னால்? அந்தப் பதிலுக்கும் இடம் வைத்துத்தான் கேட்க வேண்டும். வாடகைக்காரருக்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டு, கூடவே தங்குகிற ஆள் வைத்தால் எவ்வளவு ஆகும் என்று அவர் முன்னாலேயே கணக்குப் போட்டுப் பாருங்கள். கணக்கைப் பார்த்துவிட்டு அவர் இல்லத்தையே தேர்ந்தெடுக்கலாம், தேர்ந்தெடுக்காமலும் போகலாம். அது தெரியாமல் இல்லத்தை மாற்றுவது பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

தம்பியிடம் அனுமதி கேட்காதீர்கள். "அம்மாவிடம் சொல்லப் போகிறேன்" என்று தகவல் மட்டும் கொடுங்கள். சொல்லி முடித்த பிறகு, அம்மாவே மகனுக்குப் போன் போட்டுத் தன் வீட்டுக் கணக்கைக் கேட்கட்டும். நீங்கள் இத்தனை நாள் கேட்டும் வராத பதில், அம்மா கேட்கும்போது அவ்வளவு எளிதில் தட்டிப்போகாது.