அறுபதில் உதறும் ஜீப்

வாசகர் கேள்வி பதில்: பழைய வண்டிகள்

கேள்வி: என்னிடம் 1990களின் மஹிந்திரா எம்எம் 540 இருக்கிறது. பெஜோ டீசல் இன்ஜின்தான், அதை மாற்றவில்லை. போன வருஷம் பின்பக்க ஷேக்கிளை (ஸ்பிரிங் பட்டையின் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் துண்டு) இரண்டு இன்ச் நீட்டி, ஸ்பிரிங் பட்டையும் ஒன்று கூடப் போட்டு வண்டியைத் தூக்கினேன். டயரும் 235/75 ஆர்15 ஆக்கிவிட்டேன். அதிலிருந்து 55ஐத் தொட்டால் தரை அதிர ஆரம்பிக்கிறது, 70க்கு மேல் கொஞ்சம் அடங்குகிறது. வீல் பேலன்சிங் திரும்பத் திரும்பச் செய்தாகிவிட்டது, புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் இரு முனை மூட்டான யூ.ஜே. கிராஸ் இரண்டும் புதுசு. டயர்க்காரர் ஷாஃப்ட் என்கிறார், மெக்கானிக் டயர் என்கிறார். யாரை நம்புவது?
- கோத்தகிரி வாசகர்

பதில்: இப்போதைக்கு இரண்டு பேரையும் நம்ப வேண்டாம், இருவரும் ஊகத்தில்தான் சொல்கிறார்கள். எது அதிர்கிறது என்று தேடுவதற்கு முன்னால், வினாடிக்கு எத்தனை தடவை அதிர்கிறது என்று பாருங்கள். உங்கள் டயரின் விட்டம் ஏறக்குறைய 29 இன்ச், சுற்றளவு 2.3 மீட்டர். 60 கிலோமீட்டர் வேகத்தில் அது வினாடிக்கு 7 சுற்றுக்குக் கொஞ்சம் மேல் சுற்றும். பின் ஆக்ஸிலில் ஷாஃப்ட்டின் சுற்றைச் சக்கரத்துக்குத் திருப்பும் பல்சக்கர ஜோடியான கிரவுன் பினியன் விகிதம் 4.88 என்று வைத்துக்கொண்டால் (உங்களுடையது வேறாக இருக்கலாம், ஆக்ஸில் ஹவுசிங் பிளேட்டில் பாருங்கள் அல்லது பல்லை எண்ணிக்கொள்ளுங்கள்) புரொப்பல்லர் ஷாஃப்ட் அதே நேரத்தில் 35 சுற்று சுற்றுகிறது, நிமிடத்துக்கு 2100. கிராஸ் கோணத்தால் வரும் அதிர்வு ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை, அதாவது வினாடிக்கு 70. டயர் கோளாறு என்றால் சீட்டும் ஸ்டியரிங்கும் ஆடுவது கண்ணுக்கே தெரியும். ஷாஃப்ட் கோளாறு அப்படி ஆட்டாது, பாதத்துக்கு அடியில் ரீங்காரமாக வரும், ரியர்வியூ கண்ணாடியில் பின்னால் வரும் லாரி மங்கலாகத் தெரியும். செல்போனில் அதிர்வு அளக்கும் ஆப் இலவசமாகவே கிடைக்கிறது, போனைத் தரையில் அழுத்தி வைத்துப் பக்கத்தில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள், 7க்கும் 35க்கும் உள்ள வித்தியாசத்தை அது சுலபமாகக் காட்டிவிடும். நீங்கள் "தரை அதிர்கிறது" என்று எழுதியிருப்பதை வைத்தே நான் ஷாஃப்ட் பக்கம்தான் சாய்கிறேன், ஆனாலும் உறுதி செய்துகொண்டு செலவு செய்வோம்.

நேரான, காலியான ரோட்டில் 60ஐப் பிடித்து மூன்றாம் கியரில் ஒரு தடவை, டாப் கியரில் ஒரு தடவை ஓட்டுங்கள். இரண்டிலும் ஒரே மாதிரி அதிர்ந்தால் இன்ஜினும் கிளட்ச்சும் தப்பித்தன, கோளாறு கியர் பெட்டிக்குப் பின்னால்தான். அடுத்து அதே வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தியும் விட்டும் பாருங்கள். அழுத்தும்போது மட்டும் கூடுகிறதென்றால் பினியன் மூக்கு (ஹவுசிங்கில் ஷாஃப்ட் வந்து சேரும் முனை) மேலே எழும்புகிறது: சக்கரம் முன்னோக்கித் திரும்பும்போது ஹவுசிங் எதிர்த்திசையில் திரும்பப் பார்க்கும், தளர்ந்த பட்டையும் லூஸான யூ போல்ட்டும் அதற்கு இடம் கொடுத்துவிடும். காலை எடுத்தால் மட்டும் வருகிறதென்றால் பினியன் பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா என்று கையால் அசைத்துப் பாருங்கள். எப்படி ஓட்டினாலும் ஒரே மாதிரி என்றால் ஷாஃப்ட் பேலன்ஸ், வளைவு, ஒடுக்கு இவற்றில் ஒன்று.

அப்புறம், ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கு மட்டும் கிடைத்த ஒரு சோதனை உண்டு, யாரும் அதைப் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை. பின் ஷாஃப்ட்டைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, முன் ஹப்பை லாக் செய்து, ஃபோர் ஹையில் (நான்கு சக்கரமும் இழுக்கும் வேகமான நிலை) போட்டு முன் சக்கரத்தாலேயே ஓட்டிப் பாருங்கள். அதிர்வு போய்விட்டால் டயர்க்காரர் சொன்னது சரி, போகவில்லையென்றால் பின் ஷாஃப்ட்டை மறந்துவிடலாம். ஒரு எச்சரிக்கை மட்டும்: பழைய ஜீப்கள் பலவற்றில் ஹேண்ட் பிரேக் டிரம் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸின் (கியர் பெட்டியின் சக்தியை முன், பின் ஷாஃப்ட்டுக்குப் பிரிக்கும் பெட்டி) பின்பக்கத்தில் இருக்கிறது. அது ஷாஃப்ட் வழியாகத்தான் சக்கரத்தைப் பிடிக்கும். ஷாஃப்ட்டைக் கழற்றினால் லீவரை எவ்வளவு இழுத்தாலும் வண்டி நிற்காது, உங்கள் ஊர்ச் சரிவில் அது விளையாட்டல்ல. போல்ட்டைத் தொடுவதற்கு முன் சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

சரி, ஷாஃப்ட்தான் என்று தெரிந்தபின் எங்கே பார்ப்பது? நான் முதலில் பார்ப்பது கோணத்தை. யூ.ஜே. கிராஸ் கோணத்தில் சுற்றும்போது ஒரு பக்கம் சீராகச் சுற்றினாலும் மறுபக்கம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை முந்தி, இரண்டு தடவை பிந்தும். பத்து டிகிரி கோணத்தில் இந்த ஏற்ற இறக்கம் ஒன்றரை சதவீதம், கோணம் இரண்டு மடங்கானால் இது ஏறக்குறைய நான்கு மடங்காகும். முன் கிராஸ் கிளப்பும் இந்தக் குளறுபடியைப் பின் கிராஸ் அப்படியே ரத்து செய்ய வேண்டும், அதற்காகத்தான் இரண்டு கிராஸ் வைத்திருக்கிறார்கள். ரத்தாக இரண்டு நிபந்தனை: இரண்டு கோணமும் சமமாக இருக்க வேண்டும், ஷாஃப்ட்டின் இரு முனைக் கவைகளும் (கிராஸைப் பிடிக்கும் இரட்டைக் கை) ஒரே தளத்தில் இருக்க வேண்டும்.

நீங்கள் ஷேக்கிளை நீட்டியது முதல் நிபந்தனையைக் கெடுத்திருக்கும். ஷேக்கிள் இரண்டு இன்ச் நீண்டால் வண்டி ஒரு இன்ச்தான் உயரும், மிச்சம் என்ன ஆகிறது தெரியுமா? பட்டையின் முன்முனை சேஸிஸில் நிலையாக இருக்க, பின்முனை மட்டும் இறங்குகிறது. மொத்தப் பட்டையும் சாய்கிறது, அதோடு ஹவுசிங்கும் சாய்ந்து பினியன் மூக்கு மேலே பார்க்கிறது. பட்டை 1.1 மீட்டர் நீளம் என்றால் 5 சென்டிமீட்டர் இறக்கத்துக்குச் சாய்வு இரண்டரை டிகிரி. தூக்குவதற்கு ஷேக்கிளை நீட்டுவது மலிவான வழி, அவ்வளவுதான் அதன் பெருமை.

அளந்து பாருங்கள். வண்டி சமதளத்தில், தன் சக்கரத்தில் நிற்க வேண்டும், சேஸிஸை ஜாக்கியில் தூக்கி அளந்தால் எல்லாம் பொய்க் கணக்கு. ஆங்கிள் மீட்டர் வாங்கலாம், போனில் உள்ள லெவல் ஆப்பும் போதும். டிரான்ஸ்ஃபர் கேஸ் ஃபிளாஞ்ச் (ஷாஃப்ட்டைப் போல்ட் போட்டு இணைக்கும் வட்டு), ஷாஃப்ட் குழாய், பினியன் ஃபிளாஞ்ச் மூன்றின் சாய்வையும் குறித்துக்கொள்ளுங்கள். உதாரணமாக டிரான்ஸ்ஃபர் கேஸ் பின்னோக்கி 3 டிகிரி இறக்கம், ஷாஃப்ட் 9, பினியன் 6 என்று வருகிறது என்று வைப்போம். முன் கிராஸ் கோணம் 9இல் 3 போக 6, பின் கிராஸ் கோணம் 9இல் 6 போக 3. ஒன்று 6, மற்றது 3, எப்படி ரத்தாகும்? வித்தியாசம் ஒரு டிகிரிக்குள் இருக்க வேண்டும். பட்டைக்கும் ஹவுசிங் சீட்டுக்கும் நடுவில் மூன்று டிகிரி ஆப்பு வைத்துப் பினியனை இறக்கினால் இரண்டும் ஆறாகிவிடும், ஷாஃப்ட் சாய்வும் துளி மாறும் என்பதால் மறுபடி அளங்கள். ஆப்பு இரும்பில் இருக்கட்டும், அலுமினியம் நசுங்கி விரிசல் விடும். ஷாஃப்ட் 2000 ஆர்பிஎம்மில் சுற்றும்போது எட்டரை டிகிரி வரை தாங்கும், 3000 ஆனால் ஆறுக்குள் இருக்க வேண்டும் என்பது ஷாஃப்ட் தொழிலில் வைத்திருக்கும் வரம்பு. அதற்கு மேல் போனால் ஆப்பு மட்டும் காப்பாற்றாது, டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம் டபுள் கிராஸ் போட்ட ஷாஃப்ட்டுக்குப் போக வேண்டும், அப்போது கணக்கே வேறு, பினியன் நேராக டிரான்ஸ்ஃபர் கேஸை நோக்கிப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது நிபந்தனை உங்கள் வண்டியில் கெட்டிருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது, ஏனென்றால் கிராஸ் மாற்றியிருக்கிறீர்கள். கிராஸ் மாற்றும்போது ஷாஃப்ட்டை ஸ்பிளைனில் (நீளவும் சுருங்கவும் விடும் பல் வெட்டிய இணைப்பு) இரண்டாகப் பிரித்து, மறுபடி சொருகும்போது ஒரு பல் தள்ளிச் சொருகிவிடுவார்கள். குழாயிலும் ஸ்லீவிலும் அம்புக்குறி இருக்கும், கிரீஸும் சேறும் மூடியிருப்பதால் யாரும் தேடுவதில்லை. துடைத்துப் பாருங்கள், இரண்டு அம்பும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். குறி தேய்ந்திருந்தால் இரு முனைக் கவைகளும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்தாலே போதும். இது காசில்லாத வேலை, அதனால் ஆப்பு வாங்கும் முன் இதை முடித்துவிடுங்கள்.

அங்கேயே இருக்கும்போது ஸ்பிளைன் எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்றும் பாருங்கள். வண்டியைத் தூக்கினால் ஷாஃப்ட் நீள வேண்டியிருக்கிறது, ஸ்பிளைன் வெளியே வந்துவிடுகிறது, மீதி பிடிப்பு குறைந்தால் ஷாஃப்ட் நடுவில் ஆடும். ஸ்லீவைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் கையில் ஆட்டம் தெரிந்தால் பேலன்சிங் செய்வது வீண், லேத்தில் கொடுத்துக் குழாயை நீட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பழைய அம்பாசடரில் இசுசு இன்ஜினும் அதன் கியர் பெட்டியும் ஏற்றியிருக்கிறேன். கிளம்பும்போது முதல் கியரில் பயங்கரமாக உதறுகிறது, 20ஐத் தாண்டினால் காணாமல் போகிறது. கிளட்ச் தட்டு மாற்றியும் பயனில்லை.
- மதுரை வாசகர்

பதில்: கிளட்ச் உதறல் பாதிக் கிளட்ச்சில் மட்டும் வரும். பெடலை முழுக்க விட்ட பிறகும் 10, 15இல் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் உதறுகிறதா? ஆமாம் என்றால் தட்டின் மேல் பழி இல்லை. இன்ஜினை ஏற்றியவர் கியர் பெட்டியின் வாலை எந்த உயரத்தில் உட்கார வைத்தார் என்பதுதான் கேள்வி. பெரும்பாலும் டனலில் இடிக்காமல் இருக்கிற உயரத்தில் வைத்துவிடுவார்கள், ஷாஃப்ட் கோணத்தை யாரும் அளப்பதில்லை. மேலே சொன்ன மாதிரி மூன்று சாய்வையும் அளந்து, கியர் பெட்டி மவுண்டிங்கில் வாஷர் வைத்து ஏற்றியோ இறக்கியோ சரிப்படுத்துங்கள். பின்சீட்டில் நான்கு பேரை உட்கார வைத்தும் ஒருமுறை அளந்துவிடுங்கள், அம்பாசடரை யாரும் காலியாக ஓட்டுவதில்லையே. பின்பட்டை சரிந்திருந்தாலும், சென்டர் போல்ட் அறுந்திருந்தாலும் இதே உதறல்தான் வரும்.

இன்ஜின் மாற்றியது ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா? மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவில் தயாரிப்பாளர் விவரத்தை மீறும் மாற்றம் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. இன்ஜின் மாற்றத்துக்கு ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும். உதறலை விட இது பெரிய தலைவலி.

கேள்வி: அதிர்வு லேசாகத்தான் இருக்கிறது. இப்படியே ஓட்டினால் என்ன?
- பெயர் வேண்டாம் என்கிறார்

பதில்: கிராஸில் உள்ள ஊசி பேரிங் பொடியாகும், பினியன் சீலில் எண்ணெய் கசியும், டிரான்ஸ்ஃபர் கேஸ் பின் பேரிங் ஆடும், இவை எல்லாம் காசு பிரச்சினை. ஷாஃப்ட்டின் முன்முனை ஓடும்போது கழன்று ரோட்டில் குத்தினால் அது காசு பிரச்சினை இல்லை. அதிர்வு திடீரென்று கூடினாலோ, கிளம்பும்போது "டக்" என்று சத்தம் வந்தாலோ அன்றைக்கே வண்டியை நிறுத்துங்கள். தூக்கிய வண்டி வைத்திருப்பவர்கள் முன் கிராஸுக்குச் சற்றுப் பின்னால் ஒரு இரும்பு வளையம் போட்டுக்கொள்வது நல்லது, எந்த வெல்டிங் பட்டறையிலும் செய்து தருவார்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் ஷாஃப்ட் பேலன்ஸ் செய்யும் மெஷின் இல்லை. ஹோஸ் கிளிப் மாட்டியே சரி செய்யலாம் என்கிறார்களே, உண்மையா?
- சேலம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்: உண்மைதான், ஆனால் கோணமும் அம்புக்குறியும் சரி என்று தெரிந்த பிறகு மட்டும். முதலில் குழாயைக் கழுவுங்கள், காய்ந்த களிமண்ணும் தடித்த அண்டர்கோட் பெயின்ட்டும் போதும் பேலன்ஸைக் கெடுக்க. வெல்டு வைத்த தழும்பு மட்டும் இருந்து எடைத் துண்டு இல்லையென்றால் அது விழுந்துவிட்டது என்று அர்த்தம், கிளிப் தலையை அங்கேயே வைத்து ஆரம்பிக்கலாம். இல்லையென்றால் குழாயின் பின்முனையில் மாட்டி, கால் சுற்றுக் கால் சுற்றாக நகர்த்தி, ஒவ்வொரு தடவையும் அதே ரோட்டில் அதே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். குறைகிற இடம் கிடைத்ததும் இரண்டாவது கிளிப்பையும் அங்கே மாட்டுங்கள், அதனால் அதிர்வு அதிகமானால் இரண்டு தலைகளையும் கொஞ்சம் விலக்குங்கள். ஸ்டாண்டில் நிறுத்திச் சுற்ற விடுவதாக இருந்தால் ஸ்டாண்ட் ஹவுசிங்குக்குக் கீழே இருக்க வேண்டும், சேஸிஸுக்குக் கீழே வைத்தால் ஹவுசிங் தொங்கிக் கோணம் மாறிவிடும். சுற்றும்போது யாரும் அடியில் போகக் கூடாது. கிளிப் தெறித்தால் எங்கே போகும் என்று சொல்ல முடியாது, அதனால் இடம் தெரிந்ததும் அதே எடைக்கு ஒரு தகடு வெட்டி வெல்டு வைத்துவிட்டுக் கிளிப்பைக் கழற்றிவிடுங்கள்.