நிலாவெளி அலைக்கே தலைசுற்றும் ஆள் அந்தாட்டிக்கா போகலாமா?

வந்த கேள்வி, கொஞ்சம் சுருக்கி: "உப்புவெளியில் இருக்கிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியர், வயது 64, மனைவியும் ஆசிரியர்தான். கனடாவில் உள்ள மகள் எங்கள் இருவரையும் அந்தாட்டிக்காவுக்குக் கப்பலில் அனுப்பப் போகிறாளாம். மூன்று கப்பல்களின் விபரத்தை அனுப்பி, ஒன்றைத் தெரிவு செய்யுங்கள் அப்பா என்கிறாள். எனக்குப் பிரஷர் இருக்கிறது, வலது முழங்கால் நோ, புறாத்தீவுக்குப் போகிற சின்னப் படகிலேயே சத்தி வந்துவிடும். எந்தக் கப்பல், எந்த மாதம், என்ன உடுப்பு? நீலத் திமிங்கிலம் பார்க்கலாமா?"

மாஸ்டர், போகலாம். பிரஷரும் முழங்கால் நோவும் உள்ள எத்தனையோ பேரை, உங்களைவிடப் பத்து வயது மூத்தவர்களையும்கூட, கையைப் பிடித்து அந்தக் கரையில் இறக்கியிருக்கிறேன். நம்மூரில் வாடைக்காற்று தொடங்கி படகை மணலில் ஏற்றி வைக்கிற நவம்பரில்தான் அங்கே பனி விலகிக் கப்பல்கள் ஓடத் தொடங்கும், மார்ச்சில் அங்கே முடிய இங்கே திமிங்கிலப் பருவம் வந்துவிடும், அதனால் மாரி முழுக்கச் சும்மா இருக்காமல் ஏழு பருவம் அங்கே போய் ரப்பர் படகு ஓட்டினேன். இப்போது இங்கே திருகோணமலையில் திமிங்கிலம் காட்டப் போகிற படகு மட்டும்தான்.

முதலில் கப்பல், மகள் பதிலுக்குக் காத்திருப்பார். அறையின் படத்தையும் சாப்பாட்டு மேசையின் படத்தையும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: எத்தனை பயணிகள்? அந்தாட்டிக்காவில் ஒரு இடத்தில் ஒரே நேரத்தில் 100 பயணிகளுக்கு மேல் கரையில் நிற்கக் கூடாது, 500 பேருக்கு மேல் ஏற்றிய கப்பல் யாரையுமே இறக்கக் கூடாது, இது அந்தாட்டிக்க ஒப்பந்த நாடுகளின் விதி. நீங்கள் அனுப்பியதில் மூன்றாவது கப்பல், அதான் நீச்சல் தடாகமும் நாடக அரங்கும் உள்ளது, 500ஐத் தாண்டுகிறது. அதில் போனால் பென்குயினைக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு வரலாம், அவ்வளவுதான். இரண்டாவது கப்பலில் 380 பேர். நான்கு குழுவாகப் பிரிப்பார்கள், ஒரு குழு கரையில் நிற்க ஒரு குழு ரப்பர் படகில் சுற்றும், மற்ற இரண்டும் கப்பலில் உடுப்பு மாட்டிக்கொண்டு வேர்த்துப்போய்க் காத்திருக்கும். முதலாவதில் 130 பேர். அதில் பாதிப் பேர் கரையில், பாதிப் பேர் படகில், பிறகு மாற்றிக்கொள்வார்கள், யாரும் காத்திருக்கத் தேவையில்லை. காசு கூட என்றாலும் அதையே எடுங்கள். அறையில் சிக்கனம் பிடிக்கலாம், பால்கனி வைத்த அறை உங்களுக்கு எதற்கு, கீழ்த்தட்டில் கப்பலின் நடுப்பகுதியில் ஒரு சின்ன அறை போதும், ஆட்டமும் அங்கேதான் குறைவு. அந்தக் கம்பனி ஐயாட்டோ என்கிற சங்கத்தில் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள், 1991இல் அந்தாட்டிக்கப் பயணக் கம்பனிகள் சேர்ந்து தொடங்கியது அது, அதில் இல்லாத கப்பலில் நான் ஏற மாட்டேன்.

சின்னக் கப்பல் கொஞ்சம் கூட ஆடும். அதை மறைத்துப் பிரயோசனமில்லை.

இனி அந்தச் சத்தி. தென்னமெரிக்காவின் அடி நுனியில் ஆர்ஜென்டினாவின் உசுவாயாவில் ஏறுவீர்கள், அங்கிருந்து அந்தாட்டிக்கத் தீபகற்பம் ஏறக்குறைய 1,000 கிலோமீற்றர். நம்ம பக்கத்தில் உலக வரைபடத்தைப் பார்ப்பவர்கள் எல்லாரும் கேட்பது, இலங்கைக்கு நேர் கீழே வெறும் கடல்தானே, இங்கிருந்தே நேராகப் போனால் என்ன என்று. போகலாம், ஆனால் தெற்கு முனையிலிருந்து பார்த்தாலே எட்டாயிரம் கிலோமீற்றர் வரும். உசுவாயாவுக்கும் தீபகற்பத்துக்கும் நடுவில் நிற்கும் டிரேக் நீரிணைதான் நீங்கள் பயப்பட வேண்டிய இடம். அந்த அகலாங்கில் பூமியைச் சுற்றி எங்குமே நிலம் இல்லை, காற்றையும் நீரோட்டத்தையும் மறிக்க ஒன்றும் கிடையாது, எல்லாம் ஓடிவந்து அந்த இடுக்கில் நெரியும். சில நாள் நம்ம உள்துறைமுகம் மாதிரிப் படுத்துக் கிடக்கும், சில நாள் எட்டு மீற்றர் அலை அடிக்கும், எது கிடைக்கும் என்பது அவரவர் அதிர்ஷ்டம். போக இரண்டு நாள், வர இரண்டு நாள்.

நான் எல்லாப் பயணத்திலும் பார்த்த பிழை ஒன்று இருக்கிறது. உசுவாயாவிலிருந்து கிளம்பினால் முதல் சில மணித்தியாலம் பீகிள் கால்வாய், இரண்டு பக்கமும் மலை, தண்ணீர் தட்டையாகக் கிடக்கும். ஆட்கள் "இதுதானா" என்று சிரித்துக்கொண்டு இரவுச் சாப்பாட்டை ஒரு பிடி பிடிப்பார்கள். நடுச்சாமத்தில் கப்பல் திறந்த கடலுக்குள் மூக்கை நீட்டும், அலுமாரிக் கதவு தானாக அடிக்கத் தொடங்கும், அப்போது குளிசையைத் தேடி என்ன, வயிறு எதையும் உள்ளே வைத்திருக்காது. குளிசையைக் கால்வாயிலேயே போட வேண்டும், உடம்பு ஆடத் தொடங்குவதற்கு முன்னால். சினரிசின் என்கிற சத்திக் குளிசை நம்மூர் பாமசியிலேயே கிடைக்கும், ஆனால் பிரஷர் மருந்தோடு ஒத்துப்போகுமா என்று உங்கள் வைத்தியரிடம் கேட்டுவிட்டுத்தான். காதுக்குப் பின்னால் ஒட்டுகிற ஸ்கொபோலமின் ஒட்டு நன்றாக வேலை செய்யும், ஆனால் கண் அழுத்தம் உள்ளவர்களுக்கும் புரொஸ்டேட் பிரச்சினை உள்ளவர்களுக்கும் ஆகாது, உங்கள் வயதில் சிலருக்கு அது குழப்பத்தையும் மறதியையும் தருவதைக் கண்டிருக்கிறேன். எதுவானாலும் முதல் தடவை கப்பலில் வைத்துப் பரீட்சை பார்க்காதீர்கள், ஊரிலேயே ஒருநாள் போட்டுப் பாருங்கள். அப்புறம், கப்பலில் ஒரு கை எப்போதும் கம்பியில் இருக்கட்டும், ஆனால் கதவு நிலையைப் பிடிக்க வேண்டாம், கப்பல் சரிகிற நேரம் கதவு அடித்து விரல் போனவர்கள் உண்டு.

ரீச்சர் கப்பல் மூழ்குமோ என்று பயப்படுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். 2007 நவம்பரில் எக்ஸ்புளோரர் என்ற கப்பல் பனிக்கட்டியில் அடிபட்டு மூழ்கியது உண்மைதான், அதிலிருந்த 154 பேரும் உயிர்காப்புப் படகுகளில் இறங்கி மணிக்கணக்கில் குளிரில் மிதந்து வேறொரு கப்பலால் மீட்கப்பட்டார்கள், ஒருவரும் சாகவில்லை. 2017 முதல் துருவக் கடலில் ஓடுகிற கப்பல்களுக்கென்றே தனி விதிக்கோவை அமுலில் இருக்கிறது. எனக்கு அதைவிடப் பெரிய கவலை உங்கள் இதயமும் முழங்காலும்தான், ஏனென்றால் அங்கே ஆஸ்பத்திரி இல்லை. கப்பலில் ஒரு வைத்தியர் இருப்பார், அதற்கு மேல் தேவைப்பட்டால் இரண்டு நாள் கடலில் திரும்பி வர வேண்டும், அல்லது காலநிலை இடம் கொடுத்தால் கிங் ஜோர்ஜ் தீவின் ஓடுபாதையிலிருந்து விமானம். அதனால் கம்பனி அனுப்பும் மருத்துவப் படிவத்தில் பிரஷரை மறைக்காதீர்கள், மறைத்தால் காப்புறுதி கைகொடுக்காது. காப்புறுதியில் அவசர மீட்பு என்ற சொல் இருக்கிறதா, அது அந்தாட்டிக்காவுக்குச் செல்லுபடியாகுமா என்று எழுத்தில் வாங்குங்கள். மீட்புச் செலவு இலட்சம் டொலரைச் சாதாரணமாகத் தாண்டும்.

எந்த மாதம்? நவம்பரில் பனி புதுசாக, வெள்ளை வெளேரென்று இருக்கும், பென்குயின்கள் சோடி சேர்ந்து கூடு கட்டும், படம் எடுப்பவர்களுக்கு அதுதான் பிடிக்கும். ஆனால் அந்தப் பனியில் ஒவ்வொரு அடிக்கும் கால் முழங்கால்வரை புதையும், உங்கள் வலது கால் இரண்டாம் நாளே கைவிட்டுவிடும். ஜனவரி நடுவிலிருந்து பெப்ரவரி கடைசிக்குள் போங்கள். பனி பல இடத்தில் கரைந்து கல்லும் சேறும் தெரியும், ஜென்டூ பென்குயின் குஞ்சுகள் தாயைத் துரத்தித் துரத்திச் சாப்பாடு கேட்கும், கூனல்முதுகுத் திமிங்கிலங்களும் கொழுத்துப்போய் நிற்கும். நாற்றம் கூடவாக இருக்கும், உண்மையைச் சொன்னால் கருவாடு காயப்போட்ட வாடி ஒன்றில் மழை பெய்த மாதிரி. வெள்ளைக்காரர் மூக்கைப் பொத்துவார்கள், எனக்கு ஒன்றும் செய்யவில்லை.

கரையிறங்குவதைக் கொஞ்சம் விபரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் முழங்காலுக்கு இதுதான் விஷயம். கப்பலின் பக்கத்தில் தொங்கும் படியில் இறங்கி ரப்பர் படகுக்குள் கால் வைக்க வேண்டும். கீழே நிற்பவர் கையை நீட்டுவார், அவருடைய உள்ளங்கையைப் பிடிக்காதீர்கள், மணிக்கட்டுக்கு மேலே முன்கையைப் பிடியுங்கள், அவரும் உங்கள் முன்கையைப் பிடிப்பார். அப்படிப் பிடித்தால் ஒருவர் கை வழுக்கினாலும் மற்றவர் பிடி நிற்கும். படகின் விளிம்பில் இருந்தபடியே முன்பக்கம் நகர்ந்து, கால்களை வெளியே போட்டு, கெண்டைக்கால் அளவு தண்ணீரில் இறங்க வேண்டும், குதிக்கக் கூடாது. முதல் நாள் பயமாக இருக்கும், மூன்றாம் நாள் நீங்களே மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பீர்கள், ஆசிரியர்கள் எல்லாரும் அப்படித்தான்.

இறங்கினால் இரண்டு மூன்று மணித்தியாலம் கரையில். அங்கே கழிப்பறை கிடையாது, சாப்பிடவும் கூடாது, ஆகவே மூன்று அடுக்கு உடுப்பை மாட்டுவதற்கு முன் போய்விட்டு வாருங்கள். இன்னொன்று, பறவைக் காய்ச்சல் 2023 ஒக்டோபரில் தென் ஜோர்ஜியாத் தீவுக்கும் அடுத்த வருடத் தொடக்கத்தில் தீபகற்பத்துக்கும் வந்துவிட்டது, அதன் பிறகு கரையில் குந்தியிருக்கவோ முழந்தாளிடவோ பையைக் கீழே வைக்கவோ விடமாட்டார்கள். சப்பாத்து மட்டும்தான் நிலத்தைத் தொடலாம். கால் நோகுது, அந்தக் கல்லில் கொஞ்சம் இருப்போம் என்ற கதை நடக்காது. மடக்குகிற ஊன்றுகோல் இரண்டு கொண்டு போங்கள், நோ கூடினால் படகோட்டியிடம் சொல்லுங்கள், அடுத்த படகிலேயே திருப்பிக் கூட்டிப் போவார்கள், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். நடக்க முடியாத நாளில் படகுச் சுற்று மட்டும் போகலாம், பனிக்கட்டியில் படுத்திருக்கும் சிறுத்தை சீலைக் கரையில் நிற்பவர்களைவிடக் கிட்டத்தில் பார்ப்பது படகில் சுற்றுபவர்கள்தான்.

பென்குயினுக்கு 5 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும். அவை கடலுக்குப் போய்வரும் பாதை பனியில் ஒரு வாய்க்கால் மாதிரித் தெரியும், அதை மறித்து நின்றால் பாவம், அது வந்து உங்கள் முன்னால் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும், சுற்றிப் போகத் தெரியாது. உங்கள் கால் பனியில் புதைந்து குழி விழுந்தால் அதைப் பனியால் மூடிவிட்டு நடக்க வேண்டும், நமக்கு அது அடிச்சுவடு, ஒரு அடி உயரமுள்ள குஞ்சுக்கு அது கிணறு. திரும்பிக் கப்பலில் ஏறும்போது சப்பாத்தின் அடியைத் தூரிகையால் தேய்த்து மருந்துத் தண்ணீரில் நனைப்பார்கள். போவதற்கு முன்பும் உங்கள் ஜக்கற்றின் ஒட்டுப்பட்டிகளில் ஒட்டியிருக்கிற புல் விதையை ஊசியால் கிளறி எடுக்கச் சொல்வார்கள், அதில் அரைநாள் போகும். எனக்கு ஒருமுறை நம்ம நெருஞ்சி முள் ஒன்று அகப்பட்டது, உப்புவெளியிலிருந்து அங்கேவரை வந்திருக்கிறது.

உடுப்பைப் பற்றி அதிகம் யோசிக்காதீர்கள். கோடையில் அங்கே பூச்சியம் பாகையைச் சுற்றித்தான் இருக்கும், நுவரெலியாவின் மார்கழி விடியலைவிடக் கொஞ்சம் மோசம், காற்றுத்தான் ஆளைக் கொல்லும். உள்ளே கம்பளி, நடுவில் ஃபிளீஸ், வெளியே தண்ணீர் புகாத ஜக்கற்றும் காற்சட்டையும். பருத்தி வேண்டவே வேண்டாம், நனைந்தால் காயாது. ஜக்கற்றும் ரப்பர் சப்பாத்தும் பெரும்பாலான கப்பல்களில் கொடுப்பார்கள், மகளைக் கேட்கச் சொல்லுங்கள். கறுப்புக் கண்ணாடி அவசியம், பனியில் தெறிக்கும் வெயில் நம்ம கடற்கரை வெயிலைவிடக் கண்ணைக் குத்தும்.

கடதாசி வேலை. ஆர்ஜென்டினாவுக்கு நமக்கு விசா வேண்டும், பலமுறை நுழையும் விசாவாகக் கேளுங்கள், ஏனென்றால் கப்பல் ஏறும்போது நாட்டைவிட்டு வெளியேறித் திரும்பி வரும்போது மறுபடி நுழைவீர்கள். ஆர்ஜென்டினாவும் வழியில் விமானம் நிற்கிற பிரேசிலும் மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் உள்ள நாடுகள், கட்டுநாயக்காவில் திரும்பி இறங்கும்போது தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் போடலாம், குறைந்தது பத்து நாள் முன்பாக. 60 தாண்டியவர்களுக்கு அந்த ஊசியில் பக்கவிளைவு கொஞ்சம் கூட என்பதால் இதையும் வைத்தியரிடம் கேட்டுவிடுங்கள். உசுவாயாவுக்கு இரண்டு நாள் முந்திப் போய் இறங்குங்கள். என் முதல் பருவத்தில் என் பெட்டி வழியில் எங்கேயோ தங்கிவிட்டது, கப்பல் யாருக்கும் நிற்காது, பதினொரு நாளும் சமையல்காரர் ஒருவரின் கம்பளிச் சட்டையில் ஓட்டினேன், அவர் என்னில் இரண்டு மடங்கு. மருந்து, கண்ணாடி, ஒரு சோடி கம்பளி உடுப்பு, இவை கைப்பையில் இருக்கட்டும்.

கடைசியாக நீலத் திமிங்கிலம். அதற்காக அந்தாட்டிக்கா போக வேண்டாம் மாஸ்டர். அங்கே இருந்த நீலத் திமிங்கிலங்களை வேட்டைக் கப்பல்கள் கிட்டத்தட்ட அழித்தே விட்டன, 1966இல் தடை வந்தபோது மிகக் கொஞ்சம்தான் மிஞ்சின. டிசெப்ஷன் தீவில் இறங்கினால் திமிங்கில எண்ணெய் காய்ச்சிய துருப்பிடித்த கொதிகலன்களைக் காண்பீர்கள். தீபகற்பத்தில் நீங்கள் பார்க்கப் போவது கூனல்முதுகும் மின்கேயும், அதிர்ஷ்டம் இருந்தால் ஓர்காவும். நீலம் நம்ம வாசலில் இருக்கிறது, கோணேசர் மலைக்கு வெளியே கடல் சட்டென்று ஆழமாகிற அந்தப் பள்ளத்தாக்கில், அங்கத்தையதைவிடச் சின்ன வகை என்றாலும் 20 மீற்றர் தாண்டும். மே மாதம் கடல் படுத்ததும் ஒரு நாள் விடிய ஆறு மணிக்கு வாருங்கள், வைத்தியர் சொன்ன குளிசையை இரண்டு மணித்தியாலம் முந்திப் போட்டுக்கொண்டு, காலைச் சாப்பாட்டுக்கு இரண்டு இட்லி மட்டும். நாலு மணித்தியாலம் வெளிக்கடலில் நிற்போம். திமிங்கிலமும் பார்க்கலாம், குளிசை உங்களுக்குப் பிடிக்கிறதா என்றும் தெரிந்துவிடும்.